புது சாஃப்ட்வேர் போட்டாச்சு, சிட்டை மட்டும் மூடவில்லை

தேவகோட்டை ஹார்ட்வேர் · 11 ஆகஸ்ட் 2025

பில், சரக்கு இருப்பு, கணக்கு மூன்றும் ஒன்றாக வருகிற சாஃப்ட்வேரைச் சித்திரையில் கடையில் போட்டோம். ஐம்பது வயசுக்கு மேற்பட்ட ஆட்கள் அதன் பக்கமே போவதில்லை. சிமென்ட், கம்பி, பைப் எல்லாம் இன்னும் கையால் எழுதுகிற தினசரிக் கணக்கு நோட்டான சிட்டையில்தான். ராத்திரி ஒரு பையன் உட்கார்ந்து அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். வயசானவர்களுக்கு இது வராது, இளவட்டமாகப் பார்த்து ஆளை மாற்றுவதுதான் வழி என்று தோன்றுகிறது. நம் பக்கத்தில் யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

புதுவயல் மில் மேனேஜர் · 11 ஆகஸ்ட், இரவு

ஆளை மாற்றாதீர்கள். வயசு காரணமே இல்லை.

எங்கள் அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளைக்கு அறுபது தாண்டிவிட்டது. பேரேட்டில் எழுதிப் பழகியவர், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்குத் தானாகவே மாறினார். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் ஆடிட்டர் வீட்டு வாசலில் நின்றார்கள், இவர் சீட்டிலேயே உட்கார்ந்து பில் போட்டார். இப்படிப்பட்டவர்தான் போன வருஷம் நாங்கள் புது சாஃப்ட்வேர் கொண்டுவந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டேலியில் அவர் கீபோர்டைப் பார்ப்பதே இல்லை. எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்6 வரவு, எஃப்5 பற்று. பார்ட்டியிடம் பேசிக்கொண்டே பில்லை முடித்துவிடுவார். புதியதில் ஒவ்வொன்றுக்கும் மவுஸைப் பிடித்து, அம்பைக் கொண்டுபோய், சின்னக் கட்டத்தில் அமுக்க வேண்டும். அதற்குள் பார்ட்டி, "என்ன ஐயா, கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். ஊருக்கே வேகமான ஆளை நாலு பேர் முன்னால் தடுமாற வைத்தால் அவர் எப்படி விரும்புவார்? சாஃப்ட்வேர் கொடுத்தவர்களிடம் முதலில் கீபோர்டு ஷார்ட்கட் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுடையதில் இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த ராத்திரிப் பையன் இருக்கும் வரை உங்கள் கடையில் வேறு யாரும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்கள். எதற்குத் தொட வேண்டும்?

புதுவயல் மில் மேனேஜர் · 13 ஆகஸ்ட்

பயிற்சி போதாததுதான் காரணம் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். எங்களுக்கும் பயிற்சி நடந்தது. பெரிய ஊரிலிருந்து சட்டையை டக்-இன் செய்த தம்பி ஒருவர் வந்து, ஆபீஸ் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் அடித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லாத் திரையையும் எல்லோருக்கும் காட்டினார். "டவுட் இருக்கா?" என்றார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. டீயும் வடையும் தீர்ந்தன. மறுநாள் எல்லோரும் சிட்டையோடு வந்தார்கள்.

நாலு பேர் முன்னால் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல மூத்த ஆட்களுக்கு மனசு வராது, அதுவும் தனக்குக் கீழே வேலை பார்க்கிற பையன் இருக்கும்போது. பிறகு ஒரு ஆளுக்கு ஒரு திரை என்று பிரித்துவிட்டோம். எடைமேடைக்காரருக்கு எடைமேடைத் திரை மட்டும்: வண்டி எண், லோடு எடை, காலி வண்டி எடை, நிகர எடை, அதற்கு மேல் ஒரு கட்டம்கூட அவர் கண்ணில் படாது. சொல்லிக்கொடுத்தது தனியாக, மில் ஆறு மணிக்கு நின்ற பிறகு.

அவர்தான் முதலில் மாறினார் என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் எளிது. முன்பெல்லாம் எடையில் தகராறு வந்தால் டிரைவர் அவரைத்தான் பிடித்துக்கொள்வார், "நீ எழுதினதுதானே அண்ணே". இப்போது நேரம், எடை எல்லாம் அச்சடித்த சீட்டு வருகிறது. சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். தனக்கு வந்துகொண்டிருந்த ஒரு தொல்லை இதனால் போகிறது என்று தெரிந்தால் அந்த ஆளுக்குப் பயிற்சியே வேண்டாம்.

உங்கள் கடையில் அப்படி அடி வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். கம்பி எடை போடுகிறவராகத்தான் இருப்பார்.

14 ஆகஸ்ட்

ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டுமா என்று கேட்டவருக்கு: எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, தினசரி காலண்டரின் பின் அட்டையில் எழுதி மாட்டியிருந்தது. கணக்குப்பிள்ளை கொப்புடையம்மன் தேர் பார்க்கப் போயிருந்த நேரத்தில் அவர் பெயரில் பில் விழுந்திருந்தது. தேரை இழுத்துக்கொண்டே பில்லும் போட்டிருக்கிறார் என்று மில்லே சிரித்தது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு பாஸ்வேர்டு. வருஷம் மாறியதும் காலண்டரையும் கழற்றிப் போட்டாயிற்று.

19 ஆகஸ்ட்

குடோன் பற்றியும் எழுத வேண்டும். இதில்தான் எங்களுக்கு நிஜமான மல்லுக்கட்டு.

குடோன் பொறுப்பாளர் சாஃப்ட்வேர் வந்ததும் லீவு போட ஆரம்பித்தார். வந்த நாளிலும் ஏதாவது சாக்கு: நெட் இல்லை, கண் எரிகிறது, பிரிண்டர் தாளை இழுக்கவில்லை. ஆள் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார், மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறார் என்று ஆபீஸில் பேச்சு வந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் அவருக்கு மில்லைத் தெரிந்த அளவு அந்த சாஃப்ட்வேரை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை.

அரிசி ஆலையில் உள்ளே போன எடை வெளியே வராது. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கிற ஆலைகளுக்கே நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ என்றுதான் கணக்கு. மீதி உமி, தவிடு, குருணை, கல், தூசி. அதற்கும் முன்னால் ஈரம். 17 சதவீத ஈரத்தோடு வந்த நூறு கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காய வைத்தால் தொண்ணூற்றாறரை கிலோதான் நிற்கும். யாரும் ஒரு பிடிகூட அள்ளவில்லை, மூன்றரை கிலோ காற்றில் போய்விட்டது. மூட்டையிலும் சிக்கல். ஒரு விவசாயிக்கு மூட்டை என்றால் 62 கிலோ, இன்னொருவருக்கு 75. அரசு கொள்முதல் நிலையத்துக்குப் போனால் 40.

சாஃப்ட்வேரோ கடைச் சரக்குக்காகச் செய்தது. பத்து சோப்பு வந்தது, மூன்று விற்றது, ஏழு இருக்க வேண்டும். குறைந்தால் சிவப்பு எழுத்து. குடோன்காரர் காலையில் திரையைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. அவர் பெயருக்கு நேராக. முப்பது வருஷம் நாணயமாக வேலை பார்த்தவர் தினமும் அதைப் பார்க்க விரும்புவாரா? சிட்டையில் அவர் "சிந்தல்" என்று ஒரு வரி எழுதுவார், முதலாளி ஒரு கண் ஓட்டிவிட்டு விடுவார். புதியதில் அந்த வரிக்கு இடமே இல்லை.

இடம் இல்லாவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? எண்ணை ஒட்டவைப்பான். வராத சாக்கை வந்ததாகப் போடுவான். நல்ல ஆளைப் பொய் எழுத வைக்கிற சாஃப்ட்வேர் அது.

சாஃப்ட்வேர்காரர்களிடம் மன்றாடி, காய்ச்சல் கழிவு (நெல் காய்வதில் குறைகிற எடை), சிந்தல், அரவைக் கழிவு என்று தனித்தனியாக மூன்று வரி சேர்த்தோம். இவ்வளவு வரைக்கும் சரி, அதற்கு மேல் போனால் மட்டும் சிவப்பு என்று எல்லை வைத்தோம். எல்லையைச் சொன்னது குடோன்காரரேதான். லீவு நின்றது.

ஹார்ட்வேரில் உங்களுக்கும் இது உண்டு. சிமென்ட் மூட்டை கிழியும், டைல்ஸ் உடையும், வெட்டின பைப்பில் துண்டு மிஞ்சும். அதற்கெல்லாம் உங்கள் திரையில் இடம் இருக்கிறதா?

20 ஆகஸ்ட்

26 கிலோ மூட்டையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் குறும்பாகக் கேட்கிறார். தெரிந்துதானே கேட்கிறீர்கள். 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரைக்கும் பெயர் போட்டுக் கட்டின அரிசிப் பைக்கு 5 சதவீத வரி, அதற்கு மேலே போனால் இல்லை. அதனால்தான் ஊரெல்லாம் 26 கிலோ சிப்பம். ஒரே பொன்னி, ஒரே களம், ஒரு கிலோ வித்தியாசத்தில் ஒன்றுக்கு வரி பில், இன்னொன்றுக்கு வரியில்லாத பில். லோடுமேன் அவசரத்தில் 25-ஐயும் 26-ஐயும் கலந்து ஏற்றிவிட்டால் கையெழுத்துப் பில்லில் யாருக்கும் தெரியாமலே போகும். இங்கே சாஃப்ட்வேர் ஜெயித்தது. இரண்டு சரக்கு, இரண்டு எண், இரண்டு பில் வரிசை. கணக்குப்பிள்ளை முதன்முதலில் அதைப் பாராட்டியது இதற்காகத்தான், அதுவும் "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல்லில்.

4 செப்டம்பர்

தேவகோட்டைக்காரர் திரும்ப வந்து, கம்பி எடை போடுகிறவர் மாறிவிட்டார், மற்றவர்கள் இன்னும் சிட்டை, கம்ப்யூட்டர் இரண்டிலும் எழுதுகிறார்கள், ஏன் என்றே தெரியவில்லை என்கிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் கடை அடைக்கும்போது நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?

எங்கள் மில்லில் எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் சிட்டை நிற்கவில்லை. ஆட்களைக் கேட்டால் "ஒரு பாதுகாப்புக்கு" என்பார்கள். உண்மை அதுவல்ல. தினமும் ஏழு மணிக்கு முதலாளி வருவார், நாற்காலியில் உட்காருவார், கண்ணாடியை எடுத்து மாட்டுவார், "சிட்டையைக் கொண்டா" என்பார். லட்சக்கணக்கில் பணம் கட்டி அந்த சாஃப்ட்வேரை வாங்கியவரே அவர்தான். பகல் முழுக்க "எல்லாம் கம்ப்யூட்டரில் போடுங்கப்பா" என்பதும் அவர்தான். ஏழு மணிக்குக் கேட்பது சிட்டையை.

வேலைக்காரனுக்கு முதலாளியின் வாய் முக்கியமில்லை, கண் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். அவர் கண் சிட்டையில் இருக்கும் வரை சிட்டைதான் கணக்கு, கம்ப்யூட்டர் அலங்காரம். வயசு, படிப்பு, பயம், பயிற்சி என்று நாம் அடுக்குகிற காரணம் எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

5 செப்டம்பர்

இரவு எழுதியதைக் காலையில் படித்தால் முதலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்ட மாதிரி இருக்கிறது. அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் சிட்டையில் கூட்டுத்தொகையைப் பார்ப்பதில்லை. ஒருமுறை பின்னால் நின்று கவனித்தேன். விரல் முதலில் அடித்துத் திருத்திய இடத்துக்குப் போகும். "இதை ஏன் அடிச்ச?" அப்புறம் ஓரத்தில் கணக்குப்பிள்ளை பென்சிலில் எழுதியிருக்கும் துண்டுக் குறிப்பு: இன்ன கடைக்காரர் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார், இன்ன மெஸ்காரர் பழைய அரிசிதான் வேண்டும் என்கிறார். கடைசியாக எழுத்து சாய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார், கணக்குப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதில் தெரிந்துவிடுமாம். சாஃப்ட்வேர் கொடுத்த ரிப்போர்ட்டில் இதில் எது இருக்கிறது? பன்னிரண்டு பத்தி, பொடி எழுத்து, இங்கிலீஷ், வண்ண வண்ணமாய் வட்டம்.

கடைசியில் வழிக்கு வந்தது இப்படித்தான். சிட்டை மாதிரியே ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். இன்று வந்த நெல், போன அரிசி, ரொக்கம், பாக்கி. கீழே இரண்டு பகுதி: இன்று திருத்திய பில்கள், யார் திருத்தியது, கணக்குப்பிள்ளையின் குறிப்பு. ஏழு மணிக்கு முதலாளியின் வாட்ஸ்அப்புக்குப் போகும். குறிப்பைக் கணக்குப்பிள்ளை போனில் பேசியே ஏற்றுகிறார், போன் தமிழை எழுதிக்கொள்கிறது. "மெஸ்காரர்" என்று சொன்னால் சில நாள் வேறெதையோ எழுதுகிறது, அது தனிக் கூத்து.

முதலாளி "சிட்டையைக் கொண்டா" என்பதை நிறுத்தினார். அந்த வாரமே மற்றவர்களும் நிறுத்தினார்கள். நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

7 செப்டம்பர்

நம் பக்கத்து ஆட்கள் பர்மாவில் கடை வைத்திருந்த காலத்துக் கணக்கை ஒருவர் இழுத்திருக்கிறார். அவருடைய ஐயா ரங்கூனில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகுகிற பையனாகப் போய், அடுத்தாளாகி, கடையைப் பார்த்துக்கொள்கிற மேலாளானவராம். மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு, கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்ப முடியும். பெட்டியடியில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நகல் எடுத்து எடுத்தே தொழில் படித்தார்கள், வகுப்பு எடுத்து யாரும் படிக்கவில்லை என்கிறார்.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது தலைகீழ். மேலாள் பெட்டியடிப் பையனிடம் படிக்க வேண்டியிருக்கிறது. பையனுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். எங்கள் பையனுக்கு இருக்கிறது. மவுஸைப் பெரியவர் கையிலிருந்து பிடுங்கவே மாட்டான், அந்த ஒரு குணத்துக்கே சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம்.

23 செப்டம்பர்

தேவகோட்டைக்காரர் நேற்று நடந்ததை எழுதியிருக்கிறார், அதைப் படித்துச் சிரித்தேன். சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது நேற்று, செப்டம்பர் 22. கம்ப்யூட்டரில் ஒரு இடத்தில் மாற்றியதும் எல்லா பில்லும் 18-ல் வந்துவிட்டது. சிட்டை போடுகிற இருவரும் பழக்க தோஷத்தில் மத்தியானம் வரை 28-ஐயே போட்டிருக்கிறார்கள். வீடு கட்டுகிற ஆள் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டிருக்கிறார். சாயங்காலம் அந்த இருவரில் மூத்தவர் தானாகவே கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியை நகர்த்தினாராம்.

28-ல் வாங்கிய பழைய சரக்கை என்ன செய்வது என்று கேட்டதற்கு: விற்கிற தேதியின் வரிதான், 18. வாங்கும்போது கட்டிய வரி உங்கள் ஜிஎஸ்டி கிரெடிட் கணக்கில் அப்படியே நிற்கும். மேற்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

3 அக்டோபர்

நேற்று முன்தினம் ஆயுத பூஜை. எதற்குப் பொட்டு வைப்பது என்று மில்லில் பெரிய விவாதம். எடைமேடை, பாய்லர், லாரி எல்லாம் வழக்கம் போல. பேரேடு வைக்கிற இடத்தில் இந்த வருஷம் பேரேடே இல்லை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள், திரையில் வைக்கப்போனவரைப் பையன் ஓடிவந்து தடுத்து ஓரச் சட்டத்தில் வைக்கச் சொன்னான்.

மறுநாள் காலை கணக்குப்பிள்ளை முதல் பில்லைத் திறந்தார். குறிப்பு எழுதுகிற கட்டத்தில் "உ" என்று தட்டினார். அடுத்த வரியில் "சிவமயம்". சேமித்தார். சாஃப்ட்வேர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

16 அக்டோபர்

விண்டோஸ் 10-க்கு நேற்று முன்தினம், 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. எடைமேடைக் கம்ப்யூட்டர் அதில்தான் ஓடுகிறது. ஓடுவது நிற்காது, வழக்கமான பாதுகாப்பு அப்டேட்தான் வராது. முதலாளியிடம் புதுக் கம்ப்யூட்டர் கேட்டேன். "சிட்டைக்கு இந்த மாதிரி தேதி எல்லாம் கிடையாதே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

9 நவம்பர்

ஆடிட்டர் சொன்னதாக ஒருவர் எழுதியிருப்பது: யார் எப்போது திருத்தினார்கள் என்ற பதிவு சாஃப்ட்வேரில் கட்டாயம், அணைத்து வைக்கக் கூடாது. அது 2023 ஏப்ரல் 1-லிருந்து கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான கம்பெனிகளுக்கு. கூட்டு வியாபாரம், தனி முதலாளி கடை எல்லாம் அதில் வராது. ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதலாளியை மாற்றியதே அந்தத் திருத்தப் பதிவுதான்.

பெயர்த் தொல்லை வேறு. இந்தப் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம், ஒரே பெயரில் பத்துப் பேர். அதை இங்கிலீஷில் அடித்தால் முத்தையா ஒருவரே நாலு பேர் ஆகிவிடுவார், எச் போட்டவர், போடாதவர், ஐ போட்டவர், ஒய் போட்டவர். பாக்கி நாலாகப் பிரிந்து, கேட்கப் போனால் "நான்தான் கட்டிட்டேனே" என்பார், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். தமிழில் பெயர், பக்கத்தில் ஊர், கடைசியில் போன் எண்ணின் கடைசி நாலு இலக்கம். இந்த மூன்றும் இல்லாமல் புதுப் பார்ட்டியைத் திறக்க முடியாதபடி வைத்திருக்கிறோம். கணக்குப்பிள்ளை மட்டும் இன்னும் எல்லோரையும் வீட்டுப் பெயரில்தான் தேடுகிறார், அதற்கும் ஒரு கட்டம் கேட்டிருக்கிறோம்.

24 நவம்பர்

சிட்டையை எந்தத் தேதியில் மூடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வியாபாரம் மந்தமான நாளாகப் பாருங்கள். நாங்கள் போன வருஷம் புரட்டாசியில் மூடினோம், களத்தில் நெல் குறைவு. தை, மாசியில் சம்பா வண்டி வரிசையாக நிற்கும்போது இதைத் தொட்டிருந்தால் ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு மார்கழி. அந்த மாசம் யாரும் மனை போட மாட்டார்கள், சிமென்ட் கேட்டு யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. டிசம்பர் 16-ல் மார்கழி பிறக்கிறது.

அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீங்கள் சிட்டையைக் கேட்காதீர்கள். கொண்டுவந்து வைத்தாலும் திறக்காதீர்கள். ராத்திரிப் பையனைப் பகலுக்கு மாற்றி, மூத்தவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். மவுஸைப் பெரியவர் கையிலிருந்து பிடுங்கக் கூடாது என்று சொல்லிவைத்துவிடுங்கள்.

கரண்டு, நெட் போகிற நாளுக்கு ஒரே ஒரு நோட்டு இருக்கட்டும். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டுக் கொடுங்கள். அதில் எழுதியதை மறுநாள் காலை எழுதினவரே ஏற்ற வேண்டும், வேறு ஆள் கூடாது.